கனகாம்பரத் தண்ணீர்

பகலவனுக்கு அந்தப் பேரை வைத்தவர் அவருடைய அப்பா. அப்பா கட்சிக்காரர். பிள்ளைக்குச் சாமி பேர் வைக்கக்கூடாது என்று ஊரைக் கூட்டிச் சொல்லி வைத்த பேர் அது. பிள்ளை வளர்ந்து, விடிந்ததும் குளித்து, நெற்றியில் மூன்று பட்டை இழுக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதரானார். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொஞ்ச காலம் கரும்பு வெட்டினார், கொஞ்ச காலம் கிணற்று மோட்டாருக்குக் காவல் இருந்தார். கடைசியில் கள்ளக்குறிச்சி இரும்புக்கடை முகம்மது கவுஸ் பாய், கச்சிராயபாளையம் சாலையில் நீச்சல் குளம் ஒன்று கட்டியபோது அங்கே வேலைக்குச் சேர்ந்தார். ஒன்பது வருஷமாக அந்தத் தண்ணீருக்கு அவர்தான் பொறுப்பு.

குளத்துத் தண்ணீரைத் தினமும் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன நீலப் பெட்டி. உள்ளே ஒரு கண்ணாடிக் குழாய், அதற்கு ஒரு மூடி, ஒரு சொட்டு மருந்துப் புட்டி, ஒரு வண்ண அட்டை. குழாயில் கோடு வரைக்கும் தண்ணீர் மொண்டு, ஐந்து சொட்டு மருந்து விட்டு, கலக்கிப் பார்த்தால் தண்ணீர் நிறம் மாறும். அந்த நிறத்தை அட்டையோடு ஒத்துப் பார்த்தால் பி.ஹெச். எவ்வளவு என்று தெரியும். புளிப்பு ஏறினால் மஞ்சள். காரம் ஏறினால் ரோஸ். இரண்டுக்கும் நடுவே ஆரஞ்சு. நடுவில் நின்றால்தான் தண்ணீர் மனுஷ உடம்புக்கு ஆகும்.

அட்டையில் இங்கிலீஷில் எண்கள் இருந்தன. பகலவன் அவற்றை எண்ணாகப் படித்ததில்லை. சாமிக்குப் பூக்கட்டுகிற வீட்டில் பெண் எடுத்தவர். அதனால் ஆறு புள்ளி எட்டு, சுருக்கமாக ஆறு எட்டு, அவருக்குச் சாமந்தி. ஏழு நாலு கனகாம்பரம். எட்டு ரெண்டு அரளி. சாமந்தி வந்தால் சோடா உப்பு போட வேண்டும். அரளி வந்தால் ஆசிட் ஊற்ற வேண்டும். கனகாம்பரம் வந்தால் சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கு கவுஸ் பாய்க்கு ரொம்பப் பிடித்துப்போனது. காலையில் வண்டியை நிறுத்தியதும் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்:

"பகலவா, இன்னிக்கு இன்னா பூ?"

"அரளிங்க பாய். ஆசிட் ஊத்திட்டேன்."

"சபாஷ்."

ஒன்பது வருஷம் அந்த சபாஷில்தான் பகலவன் சாப்பிட்டார் என்று சொல்லலாம். நீச்சல் மாஸ்டர் சின்னதுரை அவருக்குத் தண்ணி டாக்டர் என்று பேர் வைத்திருந்தார். கிண்டலாக வைத்த பேர்தான். பகலவன் அதை உண்மை என்றே எடுத்துக்கொண்டார்.

சித்திரையில் எழில்மதி வந்தாள்.

பெண்களுக்கும் நீச்சல் வகுப்பு வேண்டும் என்று ஊரில் கேட்டதால், மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் பெண்கள் நேரம் என்று பாய் போர்டு மாட்டினார். அந்த நேரத்தில் ஆண்பிள்ளை யாரும் உள்ளே நிற்கக் கூடாது. அதற்காக ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார். நாற்பது வயசு இருக்கும். பன்னிரண்டு வருஷம் சர்க்கரை ஆலை லேபில் கண்ணாடி கழுவியவள். கரும்புச் சாற்றிலும் இதே பி.ஹெச். பார்ப்பார்களாம். சீசன் முடிந்து ஆளைக் குறைத்தபோது வெளியே வந்தவள்.

"ரெண்டரை மணிக்கு நீங்களும் ஒருவாட்டி தண்ணியப் பாத்துடுங்கம்மா" என்றார் பாய்.

அந்த ஒரு சொல்லில் ஆரம்பித்தது. ஒன்பது வருஷம் தன் சட்டைப் பையில் இருந்த பெட்டிச் சாவியை அன்றைக்கு மத்தியானம் பகலவன் அவள் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு மோட்டார் ரூமில் போய் உட்கார்ந்துகொண்டார். 

பத்து நாள் போயிருக்கும். டிக்கெட் கவுன்ட்டர் பக்கம் பகலவன் கூட்டிக்கொண்டிருந்தபோது, குளித்துவிட்டு வெளியே வந்த பெண்கள் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது.

"கண்ணே எரியல பாத்தியா? எங்க பையன் காலையில வந்துட்டுப் போனா முயலு கண்ணாட்டம் செவந்து கெடக்குறான்."

"காலையில அந்த பட்டை போட்ட ஆளு மருந்து போடறாரு. இப்ப இந்தம்மா போடறாங்க. கைராசி."

துடைப்பம் பகலவன் கையிலேயே நின்றுவிட்டது. ஒன்பது வருஷமாக எல்லாருக்கும் கண் சிவந்தது. குளத்தில் இறங்கினால் கண் சிவக்கத்தான் செய்யும் என்று ஊரே நினைத்திருந்தது. யாரும் அவரைக் குறை சொன்னதில்லை. இவள் வந்து பத்து நாளில் அதே தண்ணீரில் கண் எரியாமல் ஒரு கூட்டம் வெளியே போகிறது. கைராசியாம்.

அடுத்த வாரம் இன்னொன்று. காலையில் வண்டியை நிறுத்திய பாய் பூவைக் கேட்கவில்லை. பதிவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"பகலவா, நேத்து மத்தியானம் ஆறு எட்டுன்னு எழுதியிருக்குதே அந்தம்மா?"

"அது எனுக்குத் தெரியாதுங்க. காலையில நான் பாத்தப்ப அரளி. ஆசிட் ஊத்தினேன்."

"காலையில ஆசிட் ஜாஸ்தி போவுதுன்னு சொல்லுது. ஏணிப்படி இரும்பெல்லாம் அரிச்சிக்கினு இருக்குது, அதையும் பாத்தேன்."

"அந்தம்மா ராத்திரிக்குள்ள சோடா உப்ப அள்ளிக் கொட்டுதுங்க. அதான் காலையில அரளியா நிக்குது."

பாய் நோட்டை மூடினார். இரும்புக்கடைக்காரர். தராசுத் தட்டு இரண்டும் சரியாக நிற்காவிட்டால் அவருக்குப் பேச்சு வராது.

வீட்டில் பகலவனின் மனைவி ராதிகாவுக்கு இந்தக் கதையே காலையும் மாலையும் பலகாரமானது. எழில்மதி எப்போது வருகிறாள், பாயிடம் என்ன சொல்கிறாள், எப்படி நோட்டில் எழுதுகிறாள் என்று பகலவன் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் ராதிகா தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னாய்யா, கேக்குறேன்னு தப்பா நெனைக்காத. தூக்கத்துல கூட எழில்மதி எழில்மதின்றியே. நான் எங்கனா போய் வுழணுமா?"

"சீ. அவளப் பாத்தா எனுக்கு பத்திக்கினு வருதுடி."

"அதான் தெரியுதே. பசங்களுக்குக் கண்ணெரிச்சல், உனுக்கு வயித்தெரிச்சல். ரெண்டுத்துக்கும் ஒரே கொளம்."

பகலவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். முருகன் படத்துக்கு முன்னால் போய் நின்றார். முருகா, என் மனசுல ஒண்ணும் இல்ல, அவ பண்றது தப்பு, அதத்தான் சொல்றேன் என்று சொன்னார். முருகன் எப்போதும் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தப்பைக் கண்டுபிடிக்கத்தான் அவர் ஒரு நாள் ரெண்டரை மணிக்கு, பெண்கள் வருமுன், மோட்டார் ரூம் ஜன்னல் சந்தில் நின்று எழில்மதியைக் கவனித்தார். அவள் குளத்தின் ஓரத்தில், தண்ணீர் உள்ளே பாய்கிற வாய்க்கு நேர் எதிர்ப்பக்கம் போய் மண்டியிட்டாள். குழாயைக் கவிழ்த்தபடி முழங்கை முங்கும் ஆழத்துக்குக் கையை விட்டு, அங்கே திருப்பி மொண்டாள். அதைக் கொட்டினாள். மறுபடி மொண்டு கொட்டினாள். மூன்றாம் தடவை மொண்டதை வைத்துக்கொண்டாள். குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கிக் கோட்டைப் பார்த்தாள். புட்டியை நட்டக் குத்தலாகப் பிடித்து ஐந்து சொட்டு எண்ணினாள். மூடியைப் போட்டு, குலுக்காமல், மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினாள். வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அட்டையோடு ஒத்துப் பார்த்தாள்.

பகலவனுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை சடங்கா? அவர் கரையில் குனிந்து மேலாக மொண்டு, மருந்தை விட்டு, வாயைக் கட்டை விரலால் பொத்தி நாலு குலுக்குக் குலுக்கிப் பார்ப்பார். அவ்வளவுதான். ஒன்பது வருஷம் அப்படித்தான். மூடி என்று ஒன்று பெட்டியில் கிடந்ததே அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் செய்வதெல்லாம் படம் காட்டுவது, பாய் பார்க்கட்டும் என்று.

அன்று சாயங்காலம் அவள் போனபிறகு அவர் செய்த காரியம் அவருக்கே பிறகு நம்ப முடியவில்லை. ஆணியில் அவள் மாட்டிவிட்டுப் போன சாவியால் பெட்டியைத் திறந்து அந்த விரல் நுனி அளவு மூடியை எடுத்தார். மோட்டார் ரூமில் மாட்டியிருந்த முருகன் படத்துக்குப் பின்னால் செருகினார். விரல் நுனி அளவுதான். ஆனால் அதற்கப்புறம் ஒரு வாரம் அவரால் அந்தப் படத்தை நேராகப் பார்க்க முடியவில்லை. தலை குனிந்தபடியே கற்பூரம் காட்டினார்.

மறுநாள் எழில்மதி வந்து கேட்டாள்.

"அண்ணா, குழாய் மூடி எங்கனா பாத்தீங்களா?"

"எனுக்கெதுக்கும்மா அது? நான் வெரல்லதான் பொத்துவேன்."

அவள் அவர் விரலைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் போல இருந்தது. "சரிங்கண்ணா, கெடைச்சா சொல்லுங்க" என்று சொல்லிப் போய்விட்டாள்.

ஆனி பிறந்ததும் பாய் ஒரு சேதி கொண்டுவந்தார். வெள்ளிமலைப் பக்கம் உண்டு உறைவிடப் பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். நீச்சல் போட்டிக்கு ஆள் பொறுக்கப் போகிறார்கள். மலையில் ஓடையில் நீந்தின பிள்ளைகள். மருந்து போட்ட தண்ணீரே பார்த்ததில்லை.

"அந்தப் புள்ளைங்க கண்ணு செவந்து மலையேறக் கூடாது" என்றார் பாய். பகலவனும் எழில்மதியும் எதிரே நின்றார்கள். "ஒரு தண்ணியில ரெண்டு கை வேணாம். காலையில ஒருத்தரு ஊத்துறது, மத்தியானம் ஒருத்தரு கொட்டுறது, இது கொளமா கொழம்பா? சனிக்கிழமை காலையில ரெண்டு பேரும் என் எதிர்ல டெஸ்ட் பண்ணுங்க. எந்தக் கை சரியோ அந்தக் கையில பொட்டி. இன்னொருத்தரு டிக்கெட் கவுன்ட்டரு."

டிக்கெட் கவுன்ட்டர். பகலவன் அதை நினைத்துப் பார்த்தார். கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, பேர் எழுதி, வயசு எழுதிக்கொண்டிருக்க வேண்டும்; வருகிறவனெல்லாம் "இன்னா டாக்டரே, இங்க வந்துட்ட?" என்று கேட்பான். உள்ளே அவள் பெட்டியோடு நடந்துகொண்டிருப்பாள். பாய் அவளிடம் பூ கேட்பார்.

வெள்ளிக்கிழமை அவர் ரிஷிவந்தியம் போய் அர்த்தநாரீசுவரரைக் கும்பிட்டு வந்தார். ஒரே வேண்டுதல். சனிக்கிழமை விடியலில் தலைக்குக் குளித்து, ராதிகா சிவராத்திரிக்குச் சுட்டு எடுத்த திருநீற்றுச் சம்புடத்தைத் திறந்தார். பசுஞ்சாணத்தை உருட்டிக் காயவைத்து, எரித்து, வெள்ளைத் துணியில் சலித்து அவளே எடுப்பது. தொட்டால் மாவு போல ஒட்டும். அன்றைக்கு எப்போதையும் விட அதிகமாக அள்ளி நெற்றி, மார்பு, தோள், கை என்று எல்லா இடத்திலும் பூசினார். சாமி கூட வருகிறார் என்று ஒரு தைரியம் வந்தது.

பாய் குளத்தின் நடுவாந்தரத்திலிருந்து ஒரு வாளி தண்ணீர் எடுக்கச் சொல்லி மோட்டார் ரூம் மேஜைமேல் வைத்தார். சின்னதுரை மாஸ்டர் விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

"முதல்ல டாக்டரு" என்றார்.

பகலவன் வாளியில் மொண்டார். ஐந்து சொட்டு விட்டார். கட்டை விரலால் பொத்தி நாலு குலுக்கு. மேஜைமேல் வைத்தார். குழாய் சிவந்தது. ரோஸ் ஏறியது.

"அரளிங்க பாய்" என்றார். குரல் உயர்ந்தது. சந்தோஷத்தில்தான்.

எழில்மதி அதே குழாயை வாங்கினாள். வாளித் தண்ணீரை வேறு ஒரு குவளையில் கொஞ்சம் எடுத்து, முதலில் தன் கையைக் கழுவினாள். குழாயை மூன்று தடவை அலசினாள். மொண்டாள், சொட்டு விட்டாள். மூடி இல்லாததால் அவளும் கட்டை விரலால்தான் பொத்தினாள். கவிழ்த்து நிமிர்த்தினாள்.

ஆரஞ்சு. பழுதில்லாத ஆரஞ்சு.

"ஏழு நாலுங்க" என்றாள், மெல்ல.

பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். "ஒரே வாளி. ஒரே மருந்து. ரெண்டு பூ எப்டிம்மா பூக்கும்?"

"இன்னொருவாட்டி பாக்கலாம்ங்க. அண்ணா கையக் கழு..." என்று ஆரம்பித்தவள் அவர் நெற்றியைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"என் கையில இன்னா?" பகலவனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "அழுக்குக் கையா இது? விடியக்காலம் குளிச்சி சாமி கும்புட்டு வர்ற கை!"

"நான் அப்டிச் சொல்லலண்ணா."

"வேற எப்டிச் சொன்ன?"

"போதும்" என்றார் பாய். "கடையத் தொறந்துட்டு பத்து மணிக்கு வரேன். அதுக்குள்ள ஒரு பூவா சொல்லுங்க. இல்லன்னா நான் சொல்றேன்." வண்டி கிளம்பிவிட்டது. மாஸ்டரும் விசிலை ஊதிக்கொண்டு நழுவினார். எழில்மதி உடை மாற்றும் அறையைத் துடைக்கப் போனாள்.

பகலவன் ஆசிட் கேனைத் தூக்கினார். அரளி வந்தால் ஆசிட். யார் என்ன சொன்னாலும் அதுதான் கணக்கு. கேனின் மூடியைத் திருகப் போனவருக்கு முகமெல்லாம் வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. திருநீறு கரைந்து கண்ணில் கரித்தது. கேனைக் கீழே வைத்துவிட்டு, மோட்டார் ரூம் தண்ணீர்க் குழாயில் முகத்தையும் கையையும் கழுவினார். சோப்புப் போட்டு நன்றாகவே கழுவினார். ஆத்திரத்தில் கழுவுகிற கழுவல்.

அவள் இல்லாத நேரத்தில் இன்னொரு தடவை பார்த்து, அந்த அரளியை அப்படியே வைத்துக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. குழாயை அலசி, வாளியில் மொண்டார். சொட்டு விட்டார். பொத்திக் குலுக்கினார்.

கனகாம்பரம்.

அவருக்குப் புரியவில்லை. கொட்டிவிட்டு மறுபடி பார்த்தார். கனகாம்பரம். சரி, மருந்தில் ஏதோ கோளாறு என்று நினைத்தார். நெற்றி வெறுமையாக இருப்பது ஞாபகம் வந்தது. வெறும் நெற்றியோடு நின்று பார்த்ததால்தானோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மடியில் எப்போதும் முடிந்து வைத்திருக்கும் பொட்டலத்தைப் பிரித்துத் திருநீறு எடுத்துப் பட்டை போட்டார். மறுபடி மொண்டு, சொட்டு விட்டு, பொத்திக் குலுக்கினார்.

அரளி.

பகலவன் குழாயைப் பார்த்தார். குழாயின் வாய் விளிம்பில் வெள்ளையாக ஒரு கட்டை விரல் ரேகை. வட்டம் வட்டமாக, தெளிவாக. தன் விரலைத் திருப்பிப் பார்த்தார். அதே வெள்ளை.

பாதி புரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. கையைக் கழுவி, கனகாம்பரம் வருகிற வரைக்கும் பார்த்து, அந்தக் குழாயை மேஜைமேல் நிறுத்தினார். பொட்டலத்திலிருந்து ஒரு மிளகளவு திருநீற்றை நகத்தில் எடுத்து உள்ளே போட்டார். வெள்ளைத் தூள் மெதுவாகக் கீழே இறங்கியது. இறங்கிய வழியெல்லாம் ஆரஞ்சு சிவந்து, சிவப்பு ரோஸாகி, அடியிலிருந்து மேலே அரளி பூத்துக்கொண்டு வந்தது.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பது வருஷம். தினமும் காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, அதே விரலால் குழாயைப் பொத்தி, தண்ணீரில் இல்லாத காரத்தைப் பார்த்து, ஆசிட் ஊற்றியிருக்கிறார். முயல் கண்ணாட்டம் சிவந்த கண்களோடு எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, குளத்துத் தண்ணின்னா அப்டித்தாண்டா என்று இவரே சிரித்திருக்கிறார்.

எழில்மதி துடைக்கிற துணியோடு உள்ளே வந்தாள். தரையில் உட்கார்ந்திருக்கிறவரையும், மேஜைமேல் குழாயையும், பக்கத்தில் பொட்டலத்தையும் பார்த்தாள். 

"உனுக்குத் தெரியுமா?" என்றார் பகலவன்.

"வந்து ஒரு மாசத்துல தெரிஞ்சுதுங்கண்ணா. ஒரு நாளு பெட்டியத் தொறந்தா குழாய் விளிம்புல வெள்ளையா ரேகை. ஆலையில எனுக்கும் இதே கதைதான். அப்ப நான் வெத்தலை போடுவேன். சுண்ணாம்பு தொட்ட வெரலு. நான் அலசி வச்ச குழாயில மட்டும் கணக்குத் தப்பாப் போவுது. கெமிஸ்ட்டு எல்லாரு முன்னாலயும் வெரலக் காட்டச் சொன்னாரு. அன்னிலருந்து வெத்தலைய வுட்டுட்டேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"வெத்தலைன்னா சொல்லிடலாம். நெத்தியில இருக்கறத எப்டிண்ணா சொல்றது?" துணியைப் பிழிந்தாள். "மூடியப் போட்டாலே போதும்னு நெனைச்சேன். மூடிய எடுத்து முன்னால வச்சா நீங்களும் போடுவீங்கன்னு. அதுக்குள்ள அது எங்கியோ காணாமப் போச்சு."

பகலவன் முருகன் படம் இருக்கிற பக்கம் திரும்பாமல் இருந்தார்.

"இப்பக்கூட ஒண்ணுமில்ல" என்றாள் அவள். "பத்து மணிக்கு பாய் வருவாரு. கையக் கழுவிக்கினு இன்னொருவாட்டி பாருங்க. கனகாம்பரம் வரும். காலையில குழாய் அலசாம இருந்திச்சுன்னு சொல்லிடலாம். நான் வாயத் தொறக்க மாட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அந்த நல்ல மனசுதான் பகலவனுக்கு ஆகவில்லை. வேலை தெரிந்தவள் என்பதையே பொறுக்க முடியவில்லை. இப்போது நல்லவளாகவும் இருக்கிறாள். இனிமேல் பெட்டி அவர் கையில் இருந்தாலும், அது அவள் விட்டுக்கொடுத்துக் கிடைத்த பெட்டி. ஒவ்வொரு நாளும் அவள் அதைப் பார்ப்பாள். எதுவும் சொல்லாமல் பார்ப்பாள். அதை நினைத்தபோது அவருக்கு டிக்கெட் கவுன்ட்டரே தேவலை என்று ஆனது.

எழுந்தார். படத்துக்குப் பின்னால் கையை விட்டு மூடியை எடுத்தார். ஒரு வாரத்துக்கு அப்புறம் முருகன் முகத்தை நேராகப் பார்த்தார். மூடியை மேஜைமேல் வைத்தார்.

எழில்மதி அதைப் பார்த்தாள். "ஓ" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் அவள் எதுவும் கேட்காததற்கு அவர் என்ன கொடுத்தாலும் தகும்.

பத்து மணிக்குப் பாய் வந்தபோது பகலவனே முன்னால் வந்தார். "பாய், இப்ப ஒரு வேடிக்கை காட்டறேன் பாருங்க" என்று கனகாம்பரக் குழாயில் ஒரு சிட்டிகை திருநீற்றைப் போட்டுக் காட்டினார். அரளி பூத்தது. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை போடச் சொன்னார். மறுபடியும் பூத்தது.

"தப்பு என் வெரல்லதாங்க. அந்தம்மா சொன்னது சரி. மூடிய ஒளிச்சி வச்சதும் நான்தான்."

"மூடிய எதுக்குய்யா ஒளிச்ச?"

பகலவன் மூடியைத் துணியால் துடைத்தார். திரும்பி வந்திருந்த சின்னதுரை மாஸ்டர் சொன்னார்: "டாக்டருக்கு வயித்து வலிங்க பாய்."

பாய் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் போய்க் குளத்தைப் பார்த்தார். தூரத்தில் கல்வராயன் மலை நீலமாகக் கிடந்தது.

"துன்னூறு மேல ஒரு குத்தமும் இல்ல பகலவா" என்றார். "நாங்களும் கை கால் கழுவிக்கினுதான் தொழுவப் போறோம். நீ சாமி கும்புட்டுட்டு வா, அப்பால கையக் கழுவிட்டு வேலையத் தொடு. நெத்தியில இருக்கறது நெத்தியிலயே இருக்கட்டும்." பிறகு ஆணியில் இருந்த சாவியை எடுத்தார். பகலவன் தன்னை அறியாமல் கையை நீட்டிவிட்டார். பாய் அதைப் பார்த்தும் பார்க்காதது போல எழில்மதி கையில் கொடுத்தார். "சொன்னது சொன்னதுதான். பொட்டி அந்தம்மாகிட்ட. ஆனா நீயே வந்து சொன்ன பாரு, அதனால கவுன்ட்டருக்கு வேற ஆளப் பாத்துக்கறேன். நீ உள்ளியே இரு. காலையில அந்தம்மா வந்து நம்பர் சொல்லும். நீ ஊத்து, கொட்டு."

அன்றைக்கு ஆசிட் கேன் திறக்கப்படவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைப் பிள்ளைகள் ஒரு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மீன் குஞ்சு போலக் குதித்தார்கள். மூன்று மணி நேரம் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது பகலவன் வாசலில் நின்று துண்டு கொடுத்தார். துண்டு கொடுக்கிற சாக்கில் ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தார். நாற்பது முகம். எண்பது கண். எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. ஒரு பெண் குழந்தை, "இன்னா தாத்தா அப்டிப் பாக்கற?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல கண்ணு" என்றார். அவருக்குத்தான் கண் கொஞ்சம் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பாய் உள்ளே வந்தார். பழக்க தோஷத்தில் கேட்டார்:

"இன்னிக்கு இன்னா பூ?"

பகலவன் வாயைத் திறந்தார். பாய் பார்த்தது அவரை இல்லை. குளத்துக்கு அந்தப் பக்கம், பெட்டியை மூடிக்கொண்டிருந்த எழில்மதியை.

"கனகாம்பரம்ங்க பாய்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

"சபாஷ்."

ஏழு நாலு என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு நம்பர் தெரியுமே. ஒருவேளை பகலவனைச் சந்தோஷப்படுத்தத்தான் அந்தப் பேரைச் சொன்னாளோ என்னவோ. பகலவன் துண்டுகளை மடித்து அடுக்கினார். மடித்ததையே கலைத்து மறுபடி மடித்தார். பெட்டி போனது சரி. சாவி போனது சரி. அந்தப் பூவின் பேரைத் தண்ணீருக்கு வைத்தது அவர்தான் என்று யாருக்கும் ஞாபகம் இருக்கப் போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ராதிகா கேட்டாள்.

"புள்ளைங்களுக்குக் கண்ணு எரிஞ்சுதா?"

"இல்ல. ஒருத்தனுக்குக் கூட இல்ல."

"உனுக்கு வயிறு?"

பகலவன் பின்பக்கம் போய், சோப்புப் போட்டுக் கட்டை விரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார்.